அந்த இரண்டரை விநாடி யாருடையது?

2021 ஏப்ரல் கடைசியில் சின்சினாட்டியில் யாரிடம் வாய் கொடுத்தாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. சேஸா, சூவலா? காபிக் கடை வரிசையில் அதுதான் பேச்சு. கொரோனாவுக்குப் பயந்து ஆறடி தள்ளி நின்றபடி, கையில் நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் கத்திப் பேசியவர்களும் அதைத்தான் பேசினார்கள். நான் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்ட தடியர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவது, நடுநடுவே விளம்பரம் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் ஊரே இரண்டு கட்சியாக நிற்கும்போது நாம் மட்டும் சும்மா இருக்க முடியுமா? நானும் ஒரு கட்சியில் சேர்ந்தேன். சேஸ் கட்சி.

விஷயம் இதுதான். என்எஃப்எல் என்கிற அமெரிக்கன் ஃபுட்பால் லீகில் ஆடும் ஊர் அணியான பெங்கால்ஸ் 2019இல் பதினாறு ஆட்டங்களில் இரண்டே இரண்டில் ஜெயித்தது. இந்த லீகில் கடைசியாக வருகிறவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு: கல்லூரியிலிருந்து வரும் புதியவர்களில் முதல் ஆளை அவர்கள்தான் எடுத்துக்கொள்ளலாம். அப்படி 2020இல் வந்தவர் ஜோ பர்ரோ. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிகிறவர். ஒஹாயோவில் வளர்ந்த பிள்ளை. அதற்கு முந்தைய ஆண்டு லூயிசியானா ஸ்டேட் கல்லூரிக்காக ஒரே பருவத்தில் 60 டச்டவுன் பாஸ் எறிந்தவர் (பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேர்ந்தால் டச்டவுன்). அந்தப் பிள்ளையின் இடது முழங்கால் நவம்பர் மாதம் வாஷிங்டனில் பிய்ந்துபோனது. பந்தை எறிந்து முடிக்கும் நேரத்தில், அவரைக் காக்க வேண்டிய வரிசை உள்ளே சரிந்து அவர் காலிலேயே விழுந்தது. அணி மறுபடியும் தோற்றது. 2021இல் ஐந்தாவது ஆளை எடுக்கும் வாய்ப்பு வந்தது.

ஒரு பக்கம் ஜமார் சேஸ். கல்லூரியில் பர்ரோவின் பாஸ்களைப் பிடித்தவர், ஓடினால் யாருக்கும் சிக்காதவர். இன்னொரு பக்கம் பெனே சூவல். ஆரெகன் கல்லூரியின் டேக்கிள், அதாவது காவல் வரிசையின் ஓரத்தில் நிற்பவர், மலை மாதிரி ஆள், பர்ரோவின் முழங்காலுக்குக் காவல். எடுக்க முடிந்தது ஒருவரைத்தான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒஹாயோவில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்காக அறுபதுகளில் அதே காவல் வரிசையில் கார்டாக ஆடியவர். வேலியோரம் நின்று சேஸைப் பற்றி நான் அளந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கூரை ஒழுகுகிற வீட்டுக்கு யாராவது புது டிவி வாங்குவார்களா?” என்றார். அவ்வளவுதான் பேசினார். புல்வெட்டும் எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பெங்கால்ஸ் டிவியைத்தான் வாங்கியது. ஐந்தாவதாக சேஸ். இரண்டு பேர் தள்ளி, ஏழாவதாக, சூவலை டெட்ராய்ட் எடுத்துக்கொண்டது.

அந்தப் பருவம் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டார். சுவரில் 78ஆம் எண் சட்டை ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. முதல் நாளே ஒரு கட்டளை போட்டார்: “பந்தைப் பார்க்காதே.” கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனிடம் இப்படிச் சொல்வது பாவம். ஆனால் அவர் சொன்னபடி பார்க்கப் பழகியதால்தான் இந்த ஆட்டம் எனக்குப் புரிந்தது.

தெரியாதவர்களுக்கு நாலு வரி. பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. ஒவ்வொரு முயற்சியும் சென்டர் குனிந்து காலிடுக்கு வழியே பந்தைப் பின்னால் கொடுப்பதில் தொடங்கும். அதற்கு ஸ்னாப் என்று பெயர். வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். அவர் அதை ஓடுகிறவன் கையில் திணிக்கலாம், தூரத்தில் இருப்பவனுக்கு எறியலாம். பந்தோடு அவரையே பின்னால் மடக்கிப் போட்டுவிட்டால் அது சாக். சென்டருக்கு இரண்டு பக்கமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள். இந்த ஐந்து பேரும் ஒவ்வொருவர் நூற்று நாற்பது கிலோ வாக்கில் இருப்பார்கள். சாதாரணமாக இவர்கள் பாஸ் பிடிக்கக் கூடாது; பாஸ் எறியும்வரை ஒரு கெஜத்துக்கு மேல் முன்னால் போகவும் கூடாது. வாழ்நாள் முழுக்கப் பந்தைத் தொடாமலே ஆடி ஓய்வு பெறுகிறவர்கள் இவர்களில் உண்டு. இவர்கள் பெயர் ஒலிபெருக்கியில் வந்தால் பெரும்பாலும் அது ஏதோ தவறு செய்ததற்காகத்தான்.

பெரியவருக்கு இஷ்டமானது ஓட்டம். அதிலும் அவர் ஆடிய காலத்து ஓட்டம். ஸ்னாப் ஆனதும் கார்டு தன் இடத்தை விட்டுப் பின்வாங்கி, வரிசைக்குப் பின்னாலேயே ஓடி மறுபக்கம் போய் மோதுவான். பந்து வைத்திருப்பவன் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு போவான். இதற்கு ‘புல்’ என்பார்கள். இந்த வகைக்கு கேப் பிளாக்கிங் என்று பொதுப்பெயர்: இந்தச் சந்தில்தான் ஓடப்போகிறோம் என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்டு, அந்தச் சந்தின் இரண்டு பக்கத்தையும் ஆள் வைத்துத் திறப்பது. அறுபதுகளில் வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே அணியில் ஜெர்ரி கிரேமர், ஃபஸி தர்ஸ்டன் என்ற இரண்டு கார்டுகளும் சேர்ந்து வெளிப்பக்கமாக ஓட, பின்னால் பந்தோடு பால் ஹார்னங் வருவார். என்ன வரப்போகிறது என்று எதிரணிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாது. பெரியவரின் பள்ளிக் கோச் அந்த ஒரே ஆட்டத்தை இருட்டும்வரை ஓடவைப்பாராம். அதைச் சொல்லும்போது சோபாவிலிருந்து எழுந்து இரண்டு எட்டு வைத்தும் காட்டினார். மனைவி மேலிருந்து, “முழங்கால்!” என்று குரல் கொடுத்தார்.

இன்னொரு வகை ஸோன் பிளாக்கிங். இதில் ஐந்து பேரும் ஒரே திசையில் ஒரே மாதிரி முதல் எட்டு வைப்பார்கள். இவனை நீ பார், அவனை நான் பார்க்கிறேன் என்கிற பிரிவினை இல்லை. தன் பக்கத்துச் சந்தில் யார் வந்தாலும் அவன் தன் ஆள். எதிரணி வரிசை பக்கவாட்டில் இழுபட்டு எங்காவது கிழியும். எங்கே என்று முன்கூட்டித் தெரியாது. ஓடுகிறவன் அதைப் பார்த்து ஒரே ஒரு வெட்டு வெட்டி உள்ளே புக வேண்டும். 1995இல் டென்வருக்குப் போன அலெக்ஸ் கிப்ஸ் என்கிற கோச் இதை ஒரு தொழிற்சாலையாகவே ஆக்கினார். ஆறாம் சுற்றில் எடுத்த டெரல் டேவிஸ் 1998இல் 2,008 கெஜம் ஓடினார். அவர் காயம்பட்டதும் அடுத்த ஆண்டு ஒலாண்டிஸ் கேரி வந்து ஆயிரத்தைத் தாண்டினார். அதற்கடுத்த ஆண்டு முன்னாள் மரைன் படை வீரர் மைக் ஆண்டர்சன் 1,487. இந்தத் தச்சு வேலையில் மரம் மாறிக்கொண்டே இருந்தது; உளி ஒன்றுதான்.

இதன் சூட்சுமம் ஓட்டத்தோடு முடிவதில்லை. ஐந்து பேரும் வலப்பக்கம் சாய்ந்தால் எதிரணி முழுக்க வலப்பக்கம் சாயும். குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுப்பதுபோல் கையை நீட்டிவிட்டு, கொடுக்காமல் இடப்பக்கம் தனியாக வெளியே வருவார். அங்கே ஆளே இருக்க மாட்டான். டென்வரில் வயதான குவார்ட்டர்பேக் ஜான் எல்வேக்கு அந்தக் காலி இடம் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! பாஸுக்கும் ஓட்டத்துக்கும் முதல் எட்டு ஒன்றுதான் என்பதால் எதிரணிக்குப் பிரித்தறிய முடியாது. பிளாக்கிங்தான் இங்கே பொய் சொல்கிறது, குவார்ட்டர்பேக் அந்தப் பொய்யில் நடிக்கிறார்.

பெங்கால்ஸ் கோச் ஸாக் டெய்லர் இந்தப் பரம்பரைக்காரர். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் இதே வகை ஆட்டம் ஆடவைத்த கோச் ஷான் மெக்வேயிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஆனால் அவருக்குக் கிடைத்த குவார்ட்டர்பேக் வேறு ரகம். மேலே சொன்ன பொய்யைச் சொல்ல, குவார்ட்டர்பேக் சென்டரின் முதுகை ஒட்டி நின்று பந்தை வாங்கி, எதிரணிக்குத் தன் முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். ஒரு விநாடி அவர் களத்தையே பார்க்க முடியாது. பர்ரோவுக்குப் பார்க்க வேண்டும். ஐந்து கெஜம் பின்னால் நின்று பந்தை வாங்குகிற ஷாட்கன் அவருக்குப் பிடித்தது. சில சமயம் பக்கத்தில் ஓடுகிறவனைக்கூட வைத்துக்கொள்ளாமல் பாஸ் பிடிக்கக்கூடிய ஐந்து பேரையும் முன்னால் அனுப்பிவிட்டு, தனியாக நிற்பார். களம் முழுக்க விரியும், எதிரணி என்ன நினைக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் காவலுக்கு ஐந்து பேர் மட்டும்தான். ஆறாவதாக ஒருவன் வந்தால் அவனைத் தடுக்க ஆளில்லை.

ஆக, அந்த 2021 பருவம் இரண்டு சமையல்காரர்கள் ஒரே அடுப்பில் நின்றது மாதிரி. முதல் முயற்சியில் கோச்சின் ஆட்டம்: சென்டரை ஒட்டி நின்று, ஜோ மிக்சனுக்கு ஓட்டம். இரண்டாவது மூன்றாவது முயற்சியில் பர்ரோவின் ஆட்டம்: பின்னால் நின்று பாஸ். மிக்சன் 1,205 கெஜம் ஓடினார், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குவார்ட்டர்பேக் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்தே என்ன வரப்போகிறது என்று என் மாதிரிக் கற்றுக்குட்டிக்கே ஓரளவு ஊகிக்க முடிந்தது. எதிரணிக்குத் தெரியாமலா இருக்கும்?

சரி, பாஸ் எறியும்போது அந்த ஐந்து பேர் என்னதான் செய்கிறார்கள்? வெளியிலிருந்து பார்த்தால் சுவர் மாதிரி நிற்கிறார்கள் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது முன்கூட்டிப் போட்டுக்கொண்ட ஓர் ஒப்பந்தம். ஸ்னாப்புக்கு முன் சென்டர் எதிரணியின் நடு லைன்பேக்கரை, அதாவது அவர்கள் முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்பவனை, விரலால் காட்டி, “ஐம்பத்து நாலு மைக்!” என்பது போல ஏதோ கத்துவார். திட்டுகிறார் போலிருக்கும். அது கணக்கு. ‘மைக்’ என்பது அந்த நடு ஆளுக்குப் பெயர். அவனிலிருந்து தொடங்கி யார் யாரைப் பார்ப்பது என்று எண்ணிக்கொள்வார்கள். மூன்று பேர் ஒரு பக்கமாக நகர்ந்து சந்துகளைப் பார்ப்பார்கள், மற்ற இருவர் ஆளுக்கொருவனைப் பிடிப்பார்கள், மீதி வருகிறவன் ஓடுகிறவனின் பொறுப்பு. குவார்ட்டர்பேக் பின்னாலிருந்து அந்தக் கணக்கையே மாற்றலாம். எதிரணியும் சும்மா இருக்காது. வெளியே நிற்பவன் உள்ளே வெட்டுவான், உள்ளே நிற்பவன் சுற்றிக்கொண்டு வெளியே வருவான். அந்த நேரத்தில் கார்டும் டேக்கிளும் ஓடிக்கொண்டே ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் அரை எட்டு தாமதித்தால் போச்சு.

இந்த ஒப்பந்தத்தில் குவார்ட்டர்பேக்கும் ஒரு கட்சிக்காரர் என்பதுதான் எனக்குப் பிடிபட வெகுநாள் ஆன விஷயம். எதிரே ஆறு பேர் வந்து காவலுக்கு ஐந்து பேர்தான் இருந்தால், அந்த ஆறாவது ஆள் குவார்ட்டர்பேக்கின் கணக்கு. அவர் அவனைத் தடுக்க முடியாது. அவன் வந்து சேருவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் சாக். டிவியில் சொல்வார்கள்: “வரிசை உடைந்துவிட்டது.” உடையவில்லை. ஆளுக்கு ஒருவனை ஐந்து பேரும் ஒழுங்காகத்தான் பிடித்திருப்பார்கள்.

ஸ்னாப்பிலிருந்து பந்து கையை விட்டுப் போக இந்த லீகில் சராசரியாகச் சுமார் இரண்டரை விநாடி. அந்த நேரத்தை ஐந்து பேர் சம்பாதிக்கிறார்கள், ஒருவர் செலவழிக்கிறார். 2002இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியின் டேவிட் கார் ஒரே பருவத்தில் 76 சாக் வாங்கினார். இண்டியானாபொலிஸில் பேய்ட்டன் மானிங் 2009 பருவம் முழுக்க வாங்கியது வெறும் பத்து. மானிங்குக்கு முன்னால் நின்ற ஐந்து பேரும் அப்படி ஏழு மடங்கு பலசாலிகளா? இல்லை. ஸ்னாப்புக்கு முன் கையை ஆட்டி ஆட்டி அவர் பாதி வேலையை முடித்துவிடுவார். பந்து வந்ததும் போய்விடும்.

இதைச் சொன்னபோது பெரியவர் சிரித்தார். “இதை இந்த ஊரில் நின்று சொல்கிறாயே” என்றார். அப்புறம்தான் கதை வந்தது.

பெங்கால்ஸை உண்டாக்கியவர் பால் பிரவுன். அதற்கு முன் கிளீவ்லாண்டில் கோச்சாக இருந்தார். குவார்ட்டர்பேக்கைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி காவல் கட்டுகிற முறையை ஒழுங்குபடுத்தியவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அடுத்த ஆட்டம் என்ன என்பதைக் கார்டுகளிடம் சொல்லி மாற்றி மாற்றி உள்ளே அனுப்புவாராம். “கார்டு என்றால் தபால்காரன் வேலையும் உண்டு” என்று பெரியவருக்கு அதில் ஒரு பெருமை. 1969இல் பிரவுனுக்குச் சின்சினாட்டியில் கிரெக் குக் என்கிற குவார்ட்டர்பேக் கிடைத்தார். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துப் பையன், கை பீரங்கி. மூன்றாவது ஆட்டத்திலேயே தோளில் தசை கிழிந்தது. அப்போது அது என்ன காயமென்றே சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. வலியோடு அந்தப் பருவத்தை அபாரமாக முடித்தார்; அதற்குப் பிறகு அவர் ஆட்டம் ஏறத்தாழ முடிந்தது. அடுத்து வந்த வெர்ஜில் கார்ட்டருக்கு அவ்வளவு கைபலம் இல்லை. குறி மட்டும் தப்பாது. உதவி கோச்சாக இருந்த பில் வால்ஷ் அந்தக் கைக்கு ஏற்றபடி ஆட்டத்தையே மாற்றினார்: குட்டையான பாஸ், பக்கவாட்டில் விரியும் ஓட்டம், குவார்ட்டர்பேக் பின்வாங்கும் மூன்றாவது எட்டிலோ ஐந்தாவது எட்டிலோ பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும். 1971இல் கார்ட்டர் எறிந்ததில் போய்ச் சேர்ந்த விகிதம் லீக்கிலேயே முதலிடம். பிற்பாடு வெஸ்ட் கோஸ்ட் ஆட்டம் என்று உலகம் கொண்டாடியது பிறந்த இடம் ஒஹாயோ நதிக்கரை. மேற்குக் கரை அதற்குப் பெயர் மட்டும் கொடுத்தது.

அதைக் கற்றுக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ போன வால்ஷ், பெங்கால்ஸ் ஆடிய முதல் இரண்டு சூப்பர் பவுலிலும், அதாவது லீகின் இறுதிப் போட்டியிலும், எதிரே வந்து நின்று ஜெயித்தார். 1982 ஜனவரியில் 26–21. 1989 ஜனவரியில் 20–16. கடைசி 34 விநாடி இருக்கும்போது ஜோ மொன்டானா எறிந்த பாஸ். இதைப் பேசும்போது பெரியவர் குரல் இறங்கிவிடும். அந்த இரண்டு ஆட்டத்திலும் பெங்கால்ஸ் இடது டேக்கிள் அந்தோணி முன்யோஸ். சுவரில் இருக்கும் 78 அவருடையது. முழங்கால் சரியில்லை என்று பலர் தயங்கியபோது 1980இல் மூன்றாவதாக எடுக்கப்பட்டு, பதின்மூன்று பருவம் ஆடி, ஹால் ஆஃப் ஃபேம் போனவர். ஒரு நல்ல டேக்கிள் என்ன தருவார் என்று தெரிந்த ஊர் இது. சூவல் கட்சிக்கு இங்கே அவ்வளவு ஆள் இருந்ததற்கு அதுதான் காரணம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

நான் சேஸ் கட்சி என்பதை மறந்துவிட வேண்டாம். 2021 முழுக்க எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. சேஸ் 1,455 கெஜம், 13 டச்டவுன். 2022 ஜனவரி 2ஆம் தேதி கேன்சஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 266 கெஜம். பெரியவர் எதுவும் சொல்லாமல் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

அவர் கையில் வேறொரு எண் இருந்தது. 51. அந்தப் பருவத்தில் பர்ரோ வாங்கிய சாக், லீக்கிலேயே அதிகம். வேடிக்கை என்னவென்றால், எறிந்ததில் போய்ச் சேர்ந்த விகிதத்திலும் (70 சதவீதத்துக்கு மேல்), ஒரு எறிக்குக் கிடைத்த கெஜத்திலும் லீக்கில் முதலிடம் அதே பர்ரோதான். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு மேதையும் ஓர் ஓட்டை வரிசையும் தெரியும். சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. சேஸ் இருபது முப்பது கெஜம் ஓடி ஆளைத் தாண்ட நேரம் வேண்டும். பர்ரோ அதற்காகக் காத்திருக்கிறார். காத்திருப்பதால் பெரிய பாஸ் கிடைக்கிறது. காத்திருப்பதால்தான் அடியும் விழுகிறது. சேஸை எடுத்த அன்றே வரிசைக்குக் கூடுதலாக அரை விநாடி வேலை கொடுத்துவிட்டார்கள். வரிசை பலவீனமாக இருந்தது உண்மை, மறுக்கவில்லை. வலது பக்கம் காயத்தால் ஆள் மாறி, கடைசியில் மாற்று ஆட்களோடுதான் ஓடியது. ஆனால் 51ஐ அவர்கள் ஐந்து பேர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை.

2022 ஜனவரி 22, டென்னஸி டைட்டன்ஸோடு பிளே ஆஃப், தோற்றால் வெளியே. ஒன்பது சாக். ஜெஃப்ரி சிம்மன்ஸ் ஒருவரே மூன்று. ஒவ்வொரு தடவையும் பர்ரோ எழுந்து ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பி வருவார். பெரியவர் கடலையை வைத்துவிட்டார். அப்படி அடி வாங்கியும் பர்ரோ 348 கெஜம் எறிந்தார். கடைசி நொடியில் இவான் மெக்ஃபர்சன் 52 கெஜத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுத்த மூன்று புள்ளியில் 19–16. அடுத்த வாரம் கேன்சஸ் சிட்டியில் 21–3 என்று பின்தங்கியிருந்து 27–24. அந்த ஆட்டத்தில் பர்ரோவுக்கு ஒரே ஒரு சாக். அதே ஐந்து பேர், எட்டு நாள் இடைவெளி. நேரத்தை இந்தத் தடவை கால்களும் சேர்ந்து சம்பாதித்தன. கிறிஸ் ஜோன்ஸ் கையிலிருந்து பர்ரோ நழுவி ஓடியதை எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு மாதம் நடித்துக் காட்டினார்கள்.

பிப்ரவரி 13ஆம் தேதி சூப்பர் பவுல். எதிரே டெய்லரின் பழைய முதலாளி மெக்வேயின் ராம்ஸ், அதில் குவார்ட்டர்பேக்கைப் பிடிப்பதில் பேர்போன ஆரன் டோனல்ட், வான் மில்லர். ஏழு சாக், பெரும்பாலானவை இரண்டாம் பாதியில். 23–20 என்று தோற்றோம். நான்கு ஆட்டத்தில் மொத்தம் பத்தொன்பது சாக் வாங்கிய குவார்ட்டர்பேக் கோப்பைக்கு மூன்று புள்ளி தள்ளி நின்றார்.

அடுத்த பருவத்துக்கு வரிசையை மாற்றினார்கள். அலெக்ஸ் காப்பா, டெட் கராஸ், லயெல் காலின்ஸ் என்று மூன்று பேரைக் காசு கொடுத்துக் கொண்டுவந்தார்கள். ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. முதல் இரண்டு ஆட்டத்தில் பதின்மூன்று சாக்! பெரியவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. புதுக் கூரையும் ஒழுகியது. ஐந்து பேர் ஒப்பந்தம் பழக நாளாகும் என்பது ஒரு காரணம். சேஸுக்குப் பயந்து எதிரணிகள் இரண்டு பேரை ஆழத்தில் நிறுத்திவிட, பர்ரோ இல்லாத நீள பாஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தது இன்னொன்று. அதன்பின் டெய்லர் இறங்கிவந்தார். சென்டரை ஒட்டி நிற்பதை ஏறக்குறைய விட்டுவிட்டு, ஓட்டத்தையும் ஷாட்கன்னுக்கு மாற்றினார். பர்ரோவும் இறங்கிவந்தார்: சீக்கிரம் எறிந்தார், குட்டையாக எறிந்தார். மீதிப் பதினான்கு ஆட்டத்தில் 28 சாக். சராசரி ஆட்டத்துக்கு ஆறரையிலிருந்து இரண்டாக இறங்கியது. ஐந்து பேரும் பெரும்பாலும் அதே ஐந்து பேர்தான். வால்ஷ் இருந்திருந்தால் இதற்கு ஐம்பது வருடம் எதற்கு என்று கேட்டிருப்பார்.

2023 ஜனவரியில் பஃபலோவில், பனி கொட்டும்போது, அந்த ஐந்து பேரில் மூவர் காயத்தால் இல்லாமல் ஆடி 27–10 என்று ஜெயித்ததை என்னால் மறக்க முடியாது. மிக்சன் 105 கெஜம் ஓடினார். பந்து சீக்கிரம் சீக்கிரமாகக் கையை விட்டுப் போனது. மாற்று ஆட்கள் என்று சொன்னால்தான் தெரியும். பெரியவர் அன்று பந்தைப் பார்த்தார். நான் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூவல் டெட்ராய்டில் லீகின் மிகச் சிறந்த டேக்கிள்களில் ஒருவராகிவிட்டார். சேஸ் 2024இல் 127 கேட்ச், 1,708 கெஜம், 17 டச்டவுன் என்று மூன்று பட்டியலிலும் முதலிடம் பிடித்தார். யார் கட்சி ஜெயித்தது என்று கேட்டால் எங்கள் தெருவில் இன்றைக்கும் சண்டை வரும்.

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் வெளியே போக முடியாதபடி பனி. பெரியவர் அந்தப் பழைய சூப்பர் பவுலைப் போட்டார். ஊரில் எல்லோரும் பேசுவது கடைசி முயற்சியைப் பற்றி. அவர் அதற்கு முந்தைய முயற்சியில் நிறுத்தினார். மூன்றாவது முயற்சி, வேண்டியது ஒரே ஒரு கெஜம். சமாஜே பெரைனுக்கு ஓட்டம். டோனல்ட் பிடித்து நிறுத்துகிறார். “இங்கேதான் தோற்றோம். ஒரு கெஜம்! எங்கள் பள்ளி எடுத்திருக்கும்” என்றார்.

அடுத்து நான்காவது. 43 விநாடி பாக்கி. பர்ரோ பின்னால் நிற்கிறார். இடது கார்டு க்வின்டன் ஸ்பெய்னைத் தாண்டி டோனல்ட் வந்துவிட்டார். பர்ரோவைப் பிடித்துச் சுழற்றுகிறார். பந்து எங்கோ விழுகிறது. அதே நேரம் தூரத்தில் சேஸ், ஜேலன் ராம்சியைத் தாண்டிவிட்டார். முன்னால் யாருமில்லை.

“எவ்வளவு நேரம் வேண்டியிருந்தது?” என்றார்.

“அரை விநாடி. ஒரு விநாடி இருந்திருந்தால் கோப்பை.”

“அந்த ஒரு விநாடிதான் சூவல்.”

“டோனல்ட் வந்தது கார்டு பக்கம். சூவல் டேக்கிள். அவர் அங்கே இருந்திருக்கவே மாட்டார்” என்றேன். மூன்று வருடத்துக்கு முன் எனக்கு இந்தப் பதில் தெரிந்திருக்காது.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “சூவல் டேக்கிளில் நின்றால், அங்கே நின்ற ஜோனா வில்லியம்ஸை உள்ளே கார்டுக்குக் கொண்டுவரலாம். அப்போது ஸ்பெய்ன் வெளியே.”

“சேஸ் இல்லாமல் நாம் இந்த ஆட்டத்துக்கே வந்திருக்க மாட்டோம்.”

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. ரிமோட்டை என் கையில் கொடுத்தார்.

“மறுபடி போடு,” என்றார். “இந்தத் தடவை சென்டரைப் பார்.”